பவுனோடு அனுப்பாத கயிறு

மாமியார் வீட்டுச் சோற்றில் கன்னம் உப்பிப்போன என் மகனுக்கு,

நான் நலம். உன் அப்பாவும் நலம் என்று எழுதச் சொன்னார். இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். கடிதத்தைப் பார்த்ததும் "அம்மாவுக்கு என்ன ஆச்சு, போன் இல்லையா?" என்று நீ நினைப்பாய். போன் இருக்கிறது. போனில் நான் ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லியே வைத்துவிடுகிறாய். உன் அப்பாவிடம் சொல்லி அனுப்பலாம் என்றால், பஸ் ஓப்பநாயக்க போய்ச் சேருவதற்குள் பாதியை மறந்துவிடுவார், மீதியைத் தன் யோசனை மாதிரி மாற்றிச் சொல்வார். அதனால்தான் அஞ்சாம் வகுப்போடு நின்றுபோன இந்தக் கையால் எழுதுகிறேன். பிழை இருந்தால் நீயும் சுதாவும் சேர்ந்து சிரித்துக்கொள்ளுங்கள். உன் மாமனார் மாமியார் படித்தாலும் பரவாயில்லை, ஒளித்துவைக்க இதில் ஒன்றும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்த லொறி வருவதற்கு முன்னால் கடைசி வரை படித்துவிடு.

பவுனைப் பற்றித்தான் எழுதுகிறேன். உன் கல்யாணத்துக்கு நாங்கள் நகை போடவில்லை, கட்டில் வாங்கித் தரவில்லை. நம் சிவப்பி போட்ட கிடாரிக் கன்றை, அதுவும் சினையாக இருந்ததை, உன்னோடு அனுப்பினோம். அவள் பெயர் பவுனு. பெயரிலாவது பவுன் இருக்கட்டும் என்று நான் சொன்னதற்கு உன் மாமியார் அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்தார். இப்போது பவுனு கன்று போட்டுவிட்டாள். பாலை விடாமல் அடக்கிக்கொள்கிறாள், கிட்டே போனால் உதைக்கிறாள். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற சுதாவின் முழங்காலுக்குக் கீழே பட்டுவிட்டது. அதனால் நீ மாட்டு வியாபாரியிடம் பேசிவிட்டாய். கன்று போட்ட இளம் மாட்டை, பால் விடாது, உதைக்கும் என்று சொல்லி விற்றால் அதை எவனும் தன் வீட்டுப் பட்டியில் கட்டமாட்டான். அந்த லொறி எங்கே போய் நிற்கும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

போன ஞாயிறு நாங்கள் வந்தபோது உன் முகத்தைப் பார்த்தேன். எங்களை வீட்டுக்குள் கூப்பிடுவதற்கு முன்னால் நேரே மாட்டுப்பட்டிக்குத்தான் கூட்டிக்கொண்டு போனாய். நாலு பக்கமும் கல் வைத்துக் கட்டிய சுவர், பளபளவென்று தேய்த்த சீமெந்துத் தரை, புதுத் தகரக் கூரை, இரும்புக் கதவு, அதற்கு ஒரு பூட்டு.

"பாத்தீங்களாம்மா? நம்ம லயத்துல எவனாவது இப்பிடி ஒரு பட்டி கட்டியிருக்கானா?"

"எங்க காம்பராவ விட நல்லாருக்குடா. நானும் ஒங்கப்பாவும் இங்கயே தங்கிக்கிறோம், பவுன லயத்துக்கு அனுப்பிடு" என்றேன்.

எல்லோரும் சிரித்தீர்கள். உன் மாமனார்தான் அதிகம் சிரித்தார். "சம்மந்தி, மாப்ள மழைன்னும் பாக்கல வெயில்னும் பாக்கல. ஒத்தையா நின்னு கட்டினாரு" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். பவுனு மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் "ஏ பவுனு" என்று கூப்பிட்டதும் காது இரண்டும் திரும்பின. தலை திரும்பவில்லை. திரும்புகிற அளவுக்குக் கயிற்றில் இடம் இல்லை.

அந்த நேரம் நான் ஒன்றும் சொல்லவில்லை. மாமனார் பக்கத்தில் நிற்கும்போது பிள்ளையின் வேலையைக் குறை சொன்னால் அது தாய்க்கு அழகா? வாயை மூடிக்கொண்டு வந்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் உன் அப்பா என்னை உற்று உற்றுப் பார்த்துவிட்டு, "ஏ புள்ள, ஒனக்கு என்னா காய்ச்சலா? ஓப்பநாயக்கயில ஏறினதுலருந்து வாயே தொறக்கல. பெல்மதுள வந்துருச்சு" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். முன் சீட்டில் இருந்த சிங்கள அக்கா வேறு திரும்பி, "அனே, சனீப்ப நெத்த?" என்று உடம்புக்கு முடியவில்லையா எனச் சிங்களத்தில் கேட்டுவிட்டு எனக்கு ஒரு இஞ்சி டொபி தந்தார். நான் பேசாமல் இருந்தால் ஊரே மருந்து கொடுக்கிறது.

இப்போது சொல்கிறேன், கோபிக்காமல் கேள். உன் பட்டியில் நல்லது இல்லாமல் இல்லை. அந்தத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதே, எப்போதும் தண்ணீர் நிற்கிற மாதிரி குழாய் வைத்தாயே, அது எனக்கு இத்தனை வருஷத்தில் தோன்றவே இல்லை. நான் வாளியில் வைத்துவிட்டு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போவேன். சிவப்பி அதைக் கவிழ்த்துவிட்டு, நான் வரும்வரை நாக்கைச் சுழற்றிக்கொண்டு நிற்பாள். யூடியூப்பில் பார்த்துச் செய்தேன் என்றாய். நல்லதைப் பார்த்திருக்கிறாய். சாணியும் மூத்திரமும் வழிந்து ஓடக் கான் வெட்டியிருக்கிறாய், அதுவும் நல்லது. மற்றதெல்லாம் கள்ளனை நினைத்துக் கட்டியிருக்கிறாய், ராசா. கள்ளன் உள்ளே வராத மாதிரிக் கட்டினாய். உள்ளே இருக்கிறவளுக்கு எப்படி இருக்கும் என்று நீ பார்க்கவில்லை.

நாமும் ஒரு காலம் அப்படித்தான் இருந்தோம். நம் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருக்கிற பட்டிகளை நினைத்துப் பார். எல்லாவற்றிலும் சாக்குத் தொங்கும். மாட்டுக்குக் கண் பட்டுவிடும், மடி காய்ந்துவிடும் என்று சுற்றிவரச் சாக்கைக் கட்டித்தான் வளர்ப்போம். அவிழ்த்துவிட்டால் தேயிலைக்குள் இறங்கிவிடும், கங்காணி சத்தம் போடுவார். அதனால் கன்றாகக் கட்டினால் கிழடாகும் வரை அதே முளையில்தான் நிற்கும். புல் அதைத் தேடி வரும், தண்ணீர் அதைத் தேடி வரும், அது மட்டும் எங்கேயும் போகாது. சிவப்பியின் குளம்பு நடக்காமல் வளர்ந்து செருப்பு மாதிரி முன்னால் வளைந்திருந்ததே, நீ அதைப் பார்த்து "சிவப்பி ஹீல்ஸ் போட்டிருக்கா" என்று சொல்லுவாய். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். முளைக்கட்டையை நாள் முழுக்க நக்கிக்கொண்டே இருப்பாள். உப்பு ருசி கேட்கிறது என்று நினைத்து உப்பு வைத்தோம். உப்பைத் தின்றுவிட்டுத் திரும்பவும் கட்டையை நக்கினாள். நக்குவதற்கு அங்கே வேறு என்ன இருந்தது? பார்ப்பதற்குத்தான் என்ன இருந்தது?

பிறகு அந்தப் பெரிய மழையில் பலாக் கிளை முறிந்து பட்டிமேல் விழுந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். சாக்கும் தகரமும் ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டன. சிவப்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. உன் அப்பாவுக்கு அந்த வாரம் பட்டியைச் சரிசெய்ய நேரம் இல்லை என்று அவர் சொல்வார்; உடம்பு வளையவில்லை என்று நான் சொல்வேன். எப்படியோ, மேலே ஒரு பொலித்தீன் விரிப்பைக் கட்டிவிட்டு மூன்று பக்கமும் திறந்தபடி விட்டுவிட்டோம். அவ்வளவுதான், மாட்டுக்குக் கண்ணூறு பட்டுப் பால் வற்றப்போகிறது என்று பக்கத்துக் காம்பரா ஆட்கள் எல்லோரும் வந்து துக்கம் விசாரிக்காத குறை. சிவப்பியோ வெளியே வந்த மணமகள் மாதிரி தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். ஸ்டோருக்குக் கொழுந்து ஏற்றிக்கொண்டு போகும் ட்ரெக்டரைப் பார்த்தாள். கோழியைப் பார்த்தாள். நாங்கள் புல்லுக்கட்டோடு மேலே இருந்து இறங்கி வருவதைத் தூரத்திலேயே கண்டு கத்தினாள். மத்தியானம் காலை மடக்கிப் படுத்து, கண்ணை மூடி அசை போட்டாள். அவள் பகலில் படுத்து நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. பால் வற்றவில்லை. கூடியது. "கண்ணூறு பட்டா பால் கூடுமுன்னா, எல்லாரும் வந்து நல்லா பாத்துட்டுப் போங்க" என்று நான் லயத்து வாசலில் நின்று கத்தினேன். அதற்குப் பிறகு நாம் சாக்குக் கட்டவே இல்லை.

அந்த மாட்டின் பிள்ளைதான் பவுனு. திறந்த பட்டியில் பிறந்து, கோழியையும் ட்ரெக்டரையும் உன்னையும் பார்த்து வளர்ந்தவள். அவளை ஒரே நாளில் லொறியில் ஏற்றி, தெரியாத ஊருக்குக் கொண்டுபோய், நாலு சுவருக்குள் சுவரைப் பார்க்கக் கட்டினால், அவள் என்ன செய்வாள்? ஒவ்வொரு தரமும் இரும்புக் கதவு அவளுக்குப் பின்னால்தான் திறக்கிறது. வருவது சுதாவா நீயா வேறு யாராவதா, கையில் புல்லா வாளியா அடிக்கிற தடியா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பின்னால் இருந்து யாரோ வந்து மடியில் கையை வைக்கிறார்கள். நீயாக இருந்தாலும் உதைப்பாய். நீ உதைத்தும் இருக்கிறாய், அதைப் பிறகு சொல்கிறேன்.

தரையையும் பார்த்தேன். நீங்கள் எல்லோரும் தேநீர் குடிக்கப் போன பிறகு நான் மட்டும் திரும்பி உள்ளே போனேன். பின்னங்கால் இரண்டையும் அகட்டி வைத்துக்கொண்டு, வழுக்குமோ என்று பயந்து பயந்து நிற்கிறாள். படுக்கப் பார்த்தாள், முன்னங்காலை மடக்கினாள், சறுக்கியது, மறுபடி எழுந்து நின்றுவிட்டாள். முழங்கால் இரண்டும் வீங்கி, மயிர் உதிர்ந்து கிடக்கிறது. அந்த நைலோன் கயிற்றுக்குக் கீழே விரலை விட்டுப் பார்த்தேன். கழுத்தைச் சுற்றி அறுத்து வைத்திருக்கிறது. ஈ மொய்க்கிறது. கன்றை நீ வீட்டுக்குப் பின்னால், குசினிப் பக்கம் கட்டியிருக்கிறாய். அது அங்கே கத்துகிறது, இவள் இங்கே சுவருக்குள் நின்று பதில் கத்துகிறாள். ஒன்றை ஒன்று பார்க்க முடியவில்லை. பால் எப்படி இறங்கும்?

சுதா எனக்குப் பின்னாலேயே வந்து கதவருகில் நின்றாள். "மாமி, இது கெட்ட மாடில்ல மாமி" என்றாள். "கதவுச் சத்தம் கேட்டாலே ஒடம்பு பூரா நடுங்குது. நானுந்தான் பயந்து பயந்து வர்றேன். அது என்னயப் பாத்துப் பயப்புடுது, நான் அதப் பாத்துப் பயப்புடுறேன்."

"ஒன்ன உதைச்ச அன்னைக்கி இவன் என்னா செஞ்சான்?"

அவள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு, "ஹோஸ் துண்டால அடிச்சிட்டாரு மாமி. அப்புறம் ராத்திரிக்கு சோறு திங்கல. 'எங்கம்மா இந்த மாட்ட ஒரு தடவ கூட அடிச்சதில்ல'ன்னு சொல்லிட்டு அப்பிடியே உக்காந்திருந்தாரு" என்றாள்.

அதைக் கேட்டபோது எனக்கு உன்மேல் கோபம் வரவில்லை, தம்பி. ஓடிப்போய் உன் தலையைத் தடவ வேண்டும் போல இருந்தது. பவுனுக்கும் உனக்கும் நடந்தது ஒன்றுதான். நீயும் ஊர் விட்டு ஊர் போயிருக்கிறாய். வீட்டோடு மாப்பிள்ளை என்று நான் கேலி செய்வேன், ஆனால் பெண் வீட்டில் போய் இருப்பது லேசு இல்லை என்று எனக்குத் தெரியும். நம் வீட்டில் இருந்து நீ கொண்டுபோன ஒரே சொத்து அவர்கள் மகளை உதைத்துவிட்டது. அதற்கு நீ வெட்கப்படுகிறாய். பவுனை லொறியில் ஏற்றிவிட்டால் வெட்கமும் ஏறிப் போய்விடும் என்று நினைக்கிறாய். உன் மாமனார் மாட்டைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "மாப்ளதான் ரொம்ப யோசிக்கிறாரு" என்று மட்டும் சொன்னார். உன்னை யாரும் அங்கே அளந்து பார்க்கவில்லை. நீயேதான் உன்னை அளந்துகொண்டிருக்கிறாய்.

நீ உதைத்த கதையைச் சொல்கிறேன் என்றேனே. உன்னைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுத்தான் நான் கொழுந்துக்குப் போவேன். அங்கே இருந்த ஆயா நல்ல மனுஷி. ஆனால் உன்னைக் கடைசி அறையில், வெளிச்சம் இல்லாத மூலையில் தூளி கட்டிப் போடுவார். மற்றப் பிள்ளைகள் உன் சத்தத்தில் எழும்பிவிடுவார்களாம். நீ எழும்பியதும் பின்னால் இருந்து தூக்குவார். ஒரு நாள் நீ உதைத்த உதையில் பால் கோப்பை பறந்தது. இன்னொரு நாள் அவருடைய கையைக் கடித்தாய், பல் பதிந்தது. தோட்டம் முழுக்க உனக்குக் "கடிநாய்" என்று பெயர். உன் அப்பா என்னிடம், "ஏ புள்ள, இத வித்துடலாமா? எவனாவது காவலுக்கு வாங்குவான்" என்று கேட்டார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். பிறகு அந்த ஆயாவேதான் யோசித்து, உன் தூளியை முன்பக்கம், ஜன்னலுக்குப் பக்கத்தில் மாற்றினார். அங்கே இருந்து பார்த்தால் மலையில் நாங்கள் வரிசையாக நிற்பது தெரியும். எல்லாப் பெண்களும் ஒரே மாதிரித்தான் தெரிவோம். எவள் அம்மா என்று உனக்கு எங்கே தெரியப்போகிறது? ஆனாலும் நீ பார்த்துக்கொண்டே படுத்திருப்பாயாம். கடிப்பதை விட்டுவிட்டாய். கடித்த உன்னை நாங்கள் லொறியில் ஏற்றவில்லை, ராசா. தூளியைத்தான் மாற்றிக் கட்டினோம்.

இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொன்னால் உன் அப்பா இந்தக் கடிதத்தைப் பஸ்ஸிலேயே கிழித்துவிடுவார். அதனால் உறையை நன்றாக ஒட்டியிருக்கிறேன். எனக்கு எலிக்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேனே, அப்போது சிவப்பி உன் அப்பாவைக் கிட்டே விடவில்லை. காலையில் கெஞ்சிப் பார்த்தார், மாலையில் ஏசிப் பார்த்தார், சிங்களத்தில்கூடப் பேசிப் பார்த்தார். மடி கல் மாதிரி இறுகிவிட்டது. அடுத்த நாள் நல்ல மழை. அவர் கட்டியிருந்த சாரம் நனைந்துவிட்டது என்று, கொடியில் கிடந்த என் படங்கை, கொழுந்து பறிக்கும்போது நான் இடுப்பில் சுற்றுகிற அந்தத் தடித்த துணியை, எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டு, தலைக்கு என் துண்டையும் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். சிவப்பி முகர்ந்து பார்த்தாள். தேயிலைச் சாயமும் என் வியர்வையும் சேர்ந்த வாசம். "ம்மா" என்று ஒரு சின்னச் சத்தம். பால் தானாகச் சொட்டியது. நீ கதவு மறைவில் நின்று போனில் படம் பிடித்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த எனக்குக் காட்டினாய். சிரித்ததில் எனக்கு ஊசி போட்ட கை வலித்தது. நான் வீட்டுக்கு வரும்வரை அவர் அந்தப் படங்கோடுதான் பால் கறந்தார். லயத்தில் அவரை எல்லோரும் "அக்கா" என்று கூப்பிட்டார்கள். அவர் "என்னா தங்கச்சி?" என்று பதில் சொன்னார். உன் அப்பாவிடம் எனக்குப் பிடித்ததே இதுதான்.

மாடு ஆளின் முகத்தைப் பார்ப்பதைவிட வாசத்தையும் சத்தத்தையும் கை படுகிற விதத்தையும்தான் நம்பும். பவுனுக்கு உங்கள் வீட்டில் பழகிய வாசம் என்று என்ன இருக்கிறது? புதுச் சீமெந்து, புதுத் தகரம், புது நைலோன். பழைய வாசம் ஒன்றாவது அவளோடு போயிருக்க வேண்டும். போகாததற்குக் காரணம் நான்தான்.

அன்றைக்கு லொறி வந்து நின்றதும் உன் அப்பா பவுனின் கயிற்றை அவிழ்த்து என்னிடம் தந்தார். நம் ஆட்கள் மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்கமாட்டார்கள். மாடு போனாலும் கயிறு வீட்டில் இருந்தால் சீதேவி வீட்டை விட்டுப் போகமாட்டாள் என்று வைத்துக்கொள்வார்கள். அதனால் நான் அதைச் சுருட்டி, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஆணியில் மாட்டினேன். நீ வெளியே நின்று, "அம்மா, கயிறு?" என்று கேட்டாய்.

"கயிறு குடுக்கப்படாதுடா. போற வழியில பெல்மதுளையில ஒன்னு வாங்கிக்கோ" என்றேன்.

"விக்கிற மாட்டுக்குத்தானேம்மா அது? நான் என்னா வியாபாரியா?"

"வீட்டோட மாப்ளைக்கு நாங்க கயிறு வேற குடுக்கணுமா? ஒன்னையே குடுத்துட்டோம்" என்று கேலி பேசி உன் வாயை அடைத்துவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். ஆனால் நீ கேட்டது சரி. விற்கிற மாட்டுக்கு இருக்கிற வழக்கத்தைப் பிள்ளைக்குக் கொடுக்கிற மாட்டுக்கு நான் வைத்துவிட்டேன். நீயும் போய், சீதேவியும் போய்விட்டால் வீட்டில் என்ன மிச்சம் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது. உன்னைப் பிடித்து வைக்க முடியாது. கயிற்றையாவது பிடித்து வைத்தேன்.

அது சிவப்பியின் கழுத்தில் கிடந்த தேங்காய்த் தும்புக் கயிறு. பிறகு பவுனின் கழுத்தில் கிடந்தது. அத்தனை வருஷம் நம் கை பட்டுப் பட்டு, பழைய சேலை மாதிரி மெத்தென்று ஆகிவிட்டது. கடிதத்தோடு உன் அப்பா கொண்டுவருகிற பையில் அது இருக்கிறது. உன் அப்பாதான் நேற்று அதற்குத் தேங்காய் எண்ணெய் தடவினார். அதற்கு முன்னால் ஒரு சின்ன வழக்கும் நடந்தது. "ஏ புள்ள, கயிறு போனா வீட்டுச் சீதேவி போயிரும்பாங்களே?" என்றார். "போனா எங்க போவா? பஸ் ஏறி ஓப்பநாயக்கயில எறங்கி நம்ம மகன் வீட்டுக்குத்தானே போவா? போகட்டும்" என்றேன். அவர் எழுந்து எண்ணெய்ப் போத்தலை எடுத்தார்.

நானும் வந்திருப்பேன். இந்த வாரம் வேலைக்குப் போகாமல் ஒரு நாள் பேர் விட்டாலும் கங்காணி முறைப்பார். அதனால் உன் அப்பாவை வெள்ளிக்கிழமையே அனுப்புகிறேன். பையில் என் பழைய படங்கும் இருக்கிறது, கழுவவில்லை, வேண்டுமென்றேதான் கழுவவில்லை. அதை யார் கட்டிக்கொள்வது என்று நீயும் உன் அப்பாவும் பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள். சுதா மட்டும் பிள்ளை பிறந்து உடம்பு தேறும்வரை மாட்டுக்குக் கிட்டேயே போக வேண்டாம். அதில் நீ பயப்பட்டது சரி, அந்தப் பயத்தை நான் குறை சொல்லவே மாட்டேன். வெள்ளிக்கிழமையே நைலோனை அறுத்து எறிந்துவிட்டு, கழுத்துப் புண்ணுக்கு மஞ்சளும் எண்ணெயும் போடுங்கள். அவளைச் சுவரைப் பார்க்கக் கட்டாமல் கதவைப் பார்க்கத் திருப்பிக் கட்டு. வருகிறவர் முன்னால் இருந்து, பேசிக்கொண்டே வரட்டும். தரையைப் பார்த்து உன் மனசு நோகாமல் இருந்தால், உளியால் குறுக்கும் நெடுக்கும் கொத்திவிடு. நோகும் என்றால் காய்ந்த மாணாப்புல்லை நிறையப் பரப்பு. அவளைப் பகலில் கொஞ்ச நேரம் வெளியே உன் மாமனாரின் பலா மரத்தடியில் கட்டு. முன்பக்கச் சுவரில் மேல்வரிசைக் கல்லைக் கழற்று என்று சொல்லத்தான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நீ வைத்த கல் அது. கள்ளனுக்குப் பயமாக இருந்தால் அந்த இடத்தில் கம்பி போடு. கம்பிக்கு வெளியே ஒரு கோழியாவது தெரியட்டும். கறக்கிற நேரம் கன்றைக் கொண்டுவந்து முதலில் ஊட்டவிடு. அவள் அதை நக்கிக்கொண்டு நிற்கும்போது உன் கையைக் கொஞ்சம் சூடாக்கிக்கொண்டு போ. பின்னங்காலைக் கட்டாதே. அவசரப்படாதே.

இத்தனையும் செய்து ஒரே நாளில் அவள் மாறிவிடுவாள் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். பயம் ஏற நாள் எடுத்த மாதிரி, இறங்கவும் நாள் எடுக்கும். சில மாடு அப்படியே கெட்டும் போகும். அதனால் வியாபாரிக்குப் போன் செய்து வரவேண்டாம் என்று சொல் என்று நான் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. உன் வீடு, உன் பெண்டாட்டி, உன் பிள்ளை. முடிவு உன்னுடையது. ஒன்று மட்டும் செய். அந்தப் பழைய கயிற்றை அவள் கழுத்தில் நீயே கட்டு. கட்டுவதற்கு முன்னால் மூக்குக்குக் கிட்டே பிடி, முகர்ந்து பார்க்கட்டும். ஞாயிற்றுக்கிழமை லொறி வந்தால், நம் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, கயிற்றோடு மாட்டைக் கொடுக்கக்கூடாது. நீதான் அதை அவள் கழுத்தில் இருந்து அவிழ்க்க வேண்டும். வியாபாரி அவிழ்க்கக்கூடாது, உன் அப்பாவும் அவிழ்க்கமாட்டார், சொல்லி அனுப்பியிருக்கிறேன். உன் கையால் அவிழ்க்க முடிந்தால் அவிழ்த்து லொறியில் ஏற்று. நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். முடியாவிட்டால், பவுனைக் கயிற்றோடு என்னிடமே அனுப்பிவிடு. இல்லாவிட்டால் அங்கேயே, பலா மரத்தடியில் கட்டு.

இங்கே ஆணி மட்டும்தான் இப்போது சுவரில் இருக்கிறது. வெறுமையாக இருக்கிறதே என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா வந்து அதில் நனைந்த குடையை மாட்டிவிட்டுப் போகிறார்.

உன் அம்மா